கண்ணளவு

வூச் என்றால் எங்கள் மொழியில் படகு.
படகு விட இங்கே ஆறு இல்லை.
இருந்தவற்றை ஆலைக்காரர்கள்
குழாய்க்குள் தள்ளித் தெருவால் மூடினார்கள்.
டிராமுக்கு நிற்கிறவர்கள்
காலடியில் தண்ணீர் போவதை நினைப்பதில்லை.
எனக்கு நினைப்பு வரும்.
என் வேலை அப்படி.

நான் தமனி பின்னுகிறேன்.
சட்டைக்கு ஆகும் அதே பாலியெஸ்டர்தான்.
மூன்றாம் எந்திரம், இருபத்தேழு வருடம்.
கட்டைவிரல் தடிமனில் குழாய்,
அக்கார்டியன் போலச் சுருக்கம்,
வளையலாம், மடங்கக் கூடாது.

கண் பெரிதானால் ரத்தம் கசியும்.
கண் சிறிதானால்
செல்லுக்குக் கால் வைக்க இடமில்லை.
"கசியவும் வேண்டும் கசியவும் கூடாது,
இதுக்குப் பேர் அளவா?" என்று
கெனோவெஃபா திட்டிக்கொண்டே பின்னுவாள்.

தைப்பதற்கு முன்
நோயாளியின் ரத்தத்திலேயே நனைத்து
உறைய விடுவார்கள்.
கண்கள் அடைபடும்.
"அவனைக் கொண்டே அவனை ஏமாற்றுகிறோம்"
என்பார் டாக்டர் ஓலெய்னிக்.

பிறகு உள்ளே என்ன நடக்கும் என்று
ஒருமுறை கேட்டேன்.
கேன்டீன் காகிதத்தில் வரைந்து காட்டினார்.
துணியை உடல் பார்ப்பதே இல்லையாம்.
இமைப்பதற்குள் ரத்தத்தின் புரதங்கள்
ஓடி வந்து அப்பிக்கொள்ளும்;
பின்னால் வருகிற செல்கள்
அந்தப் பூச்சைத் தடவித்தான்
வந்திருப்பது யாரென்று முடிவுகட்டும்.

முதலில் காவல் செல்கள்.
விழுங்கப் பார்க்கும்.
பாலியெஸ்டர் என்ன கிருமியா?
ஒன்றால் ஆகாமல் பத்து, இருபது கூடி
ஒரே சவ்வுக்குள் ஒரே பூதமாகி
நூலைக் கட்டிக்கொண்டு உட்காரும்,
விழுங்கவும் மாட்டாமல்
துப்பவும் மாட்டாமல்
வருடக்கணக்கில்.

அப்புறம் நார் இழைக்கும் செல்கள்.
வெளியிலிருந்து கண் வழியாகப் புகுந்து
எங்கள் பின்னலுக்குள் தங்கள் பின்னல்.
ஷிப்ட் கிடையாது, சங்கம் கிடையாது.

சென்ற மார்ச்சில்
ஒரு ஜாடியோடு வந்தார்.
விட்டோல்ட் ஸ்ரோகா, டிராம் ஓட்டியவர்.
வயிற்றில் எங்கள் குழாயோடு
பத்தொன்பது வருடம் நடந்தவர்.
நிமோனியாவில் போய்விட்டார்.
குழாய்க்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று
டாக்டர் இரண்டு முறை சொன்னார்.
மகள் கையெழுத்திட்டுத் தந்தாளாம்.

நீளவாக்கில் பிளந்து வைத்திருந்தது.
வெளிப்பக்கத்தில்
எது நூல், எது ஸ்ரோகா
என்று பிரிக்க முடியவில்லை.
உட்பக்கம் வேறு கதை.
இரண்டு முனையிலும்
அவருடைய தமனி தன் வழவழப்பை
விரலகலம் இழுத்து வந்திருந்தது.
பத்தொன்பது வருடத்தில்
விரலகலம்.
அங்கே நின்றுவிட்டது.
நாய்க்கு முழுக்க மூடிவிடுமாம்,
மனிதனுக்கு நின்றுவிடுமாம்.
ஏனென்று சரியாகத் தெரியாது என்றார்,
அவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

நடுவில்
பழுப்பான உறைபடலம்.
அதன் அடியில், பூதக்கண்ணாடி வைத்தால்,
வரிசை வரிசையாக நாங்கள்.
ஒரு கண் மட்டும் சற்று இழுபட்டிருந்தது.
அன்றைக்கே அப்படியா,
அவர் இருமி இருமி இழுத்ததா?
என் கைதான் என்று தோன்றியது.
அந்த வருடம் எனக்கு விவாகரத்து,
கை நடுங்கிய வருடம்.
இரவு தூங்கவில்லை.

காலையில் பதிவேட்டைப் புரட்டினேன்.
அந்த வாரம் மூன்றாம் எந்திரத்தில்
நானில்லை.
கெனோவெஃபா.

இப்போது அவள் மகனோடு க்டான்ஸ்கில்.
போன் போட்டு எல்லாம் சொன்னேன்,
ஜாடி, டிராம், விரலகலம்,
இழுபட்ட அந்தக் கண்.
பின்னால் கெட்டில் கொதிக்கும் சத்தம்.

"கசிந்ததா?" என்றாள்.

இல்லை என்றேன்.

"பின்னே என்ன" என்று சொல்லிவிட்டு
அங்கே மழையா என்று கேட்டாள்.